மாப்பிள்ளை உடுத்தியது

பழைய பட்டும் சரிகையும் வாங்குகிறவர் எங்கள் தெருவுக்கு மத்தியானத்தில்தான் வருவார். சரிகையில் அசல் வெள்ளி இழை ஓடிய காலத்துத் துணிகள் அவை. எரித்து உருக்கினால் வெள்ளி மிஞ்சும். புடவைகளை எடுக்கப் பாட்டிக்கு மனசு வராது. அங்கவஸ்திரங்களைத் தயங்காமல் போட்டுவிடுவாள். அப்படிப் போனதில் ஒன்று அவள் மாமனார் தன் கல்யாணத்துக்குப் போட்டுக்கொண்டது. 1890களில் நடந்த கல்யாணம்.

அவரை நான் படத்தில்தான் பார்த்திருக்கிறேன். கழுத்து மூடிய கோட்டு, சரிகைத் தலைப்பாகை, கீழே வேட்டி. கோட்டுக்கு மேல் மடித்துப் போட்ட அங்கவஸ்திரத்தின் கரை, தோளருகே ஒரு விரற்கடை தெரிகிறது. உருகிப்போனதில் மிச்சம் அவ்வளவுதான்.

அந்தக் கோட்டு ஜானவாசத்துக்கு மட்டும். தீவட்டி வெளிச்சத்தில் ஊர் பார்க்க வருகிறவர் மறுநாள் முகூர்த்தத்துக்கு அதைக் கழற்றியாக வேண்டும். எங்கள் வீட்டு வழக்கத்தில் மணையில் தையல் போட்ட துணி ஆகாது. ஒன்பதைந்துதான்: 9 முழத்தில் பஞ்சகச்சம், 5 முழத்தில் அங்கவஸ்திரம், முனைகளில் மஞ்சள். ராத்திரி துரைமார் கோட்டு, காலையில் தறியிலிருந்து இறங்கியபடியே ஒரு துணி. அந்த நூற்றாண்டு முழுவதும் அந்த இரண்டு உடுப்புக்குள் இருப்பதாகவே எனக்குத் தோன்றும்.

1840 பிப்ரவரி 10 அன்று விக்டோரியா ராணி தன் கல்யாணத்தில் உடுத்திய வெள்ளை உடை உலகத்துக்கே தெரியும். பக்கத்தில் நின்ற ஆல்பர்ட் பிரிட்டிஷ் ஃபீல்டு மார்ஷல் சீருடையில் இருந்தது எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது? எங்கள் வீட்டிலும் கூறைப்புடவையின் நிறத்தை மூன்று தலைமுறையாகப் பேசுகிறார்கள். வேட்டியைக் கேட்டால், "வெள்ளைதானே" என்பார்கள். அந்த வெள்ளை பூஜைக்கும் சிராத்தத்துக்கும் கட்டிக் கட்டி நைந்து, பிறகு தூளியாகி, கடைசியில் விளக்குத் திரியாகித் தீர்ந்திருக்கும். அதில் எனக்கு வருத்தமில்லை. எடைக்குப் போனதுதான் இன்றும் உறுத்துகிறது.

உங்கள் பரணில் அந்தக் காலத்துத் தலைப்பாகையோ அங்கவஸ்திரமோ இருந்தால் தயவுசெய்து எடைக்குப் போடாதீர்கள். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி வையுங்கள். சரிகை ஒரே இடத்தில் முறியாமலிருக்க அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். அந்துருண்டை மேலே படவேண்டாம். யார் கல்யாணத்தில் கட்டியது என்று ஒரு சீட்டு எழுதி மூட்டையோடு கட்டிவிடுங்கள்.