பதவி உயர்வும் சாயங்காலப் பொழுதும்

மாற்றுத்திறன் குழந்தைகளின் குடும்பங்களுக்குத் துணைநிற்கும் தொண்டு நிறுவனங்களில் களப்பணி பார்ப்பவர்கள் பெரும்பாலும் பெண்கள். மதுரையிலிருந்து மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ பஸ் பிடித்துப் போய், குழந்தைக்குப் பயிற்சி கொடுத்து, அம்மாவின் மனக்குறையைக் கேட்டு, யுடிஐடி என்னும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்கு விண்ணப்பம் போட்டு, உதவித்தொகைக்காக மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு நடையாய் நடப்பவர்கள் இவர்கள்தான். ஆனால் ஒருங்கிணைப்பாளர், திட்ட மேலாளர் என்று மேலே போகப்போக இந்த முகங்கள் குறைந்துவிடுகின்றன. காரணம் திறமைக் குறைவு அல்ல. எங்கள் துறையில் பதவி உயர்வு என்றால் சாயங்காலத்தையும் எழுதிக்கொடுத்துவிட வேண்டும் என்று ஆகிவிட்டது. களப்பணியாளராகச் சேர்ந்து, இரண்டு பிள்ளைகளை வளர்த்துக்கொண்டே மேலாளர் பொறுப்புக்கு வந்தவள் என்கிற முறையில் சொல்கிறேன்: இதை மாற்ற முடியும்.

சாயங்காலம் ஏன் பறிபோகிறது? நாங்கள் பார்க்கிற குடும்பங்களில் அப்பா அம்மா இருவரும் கூலி வேலைக்குப் போகிறவர்கள். நிதானமாகப் பேச அவர்களுக்கு நேரம் கிடைப்பதே இருட்டிய பிறகுதான். நிதியோ பெரும்பாலும் ஒரு வருடத்துக்கோ மூன்று வருடத்துக்கோதான் வருகிறது. மார்ச் வந்தால் கணக்கு முடிப்பது, அறிக்கை எழுதுவது, அடுத்த திட்டத்துக்கு விண்ணப்பிப்பது என்று எல்லாம் ஒன்றாகச் சேரும். வீட்டில் பிள்ளைகளுக்குப் பரீட்சையும் அதே நேரம்தான். வெளிநாட்டு நன்கொடையில் நிர்வாகச் செலவுக்கு 50 சதவீதம் வரை இருந்த வரம்பை 2020-இல் 20 சதவீதமாகக் குறைத்தார்கள். அந்த நிதியை நம்பி நடக்கும் அமைப்புகளில் மேலாளருக்குக் கைகொடுக்க வேண்டிய இடங்கள் சுருங்கின. இரண்டு பேர் பார்க்க வேண்டிய வேலை ஒருவர் தலையில் விழுகிறது. குழந்தை உள்ளவள் அந்த நாற்காலியைப் பார்த்துத் தயங்குவதில் என்ன வியப்பு?

சட்டம் ஓரளவு துணை வந்தது. மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் வந்த திருத்தம் விடுப்பை 26 வாரமாக்கியது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் குழந்தைகள் காப்பகம் வேண்டும் என்றது. எங்களைப் போன்ற அமைப்புகளில் பல அந்த எண்ணிக்கையைத் தொடுவதே இல்லை. ஒரு வருடத் திட்டத்தில் 26 வாரம் என்பது சரிபாதி. அதனால் விண்ணப்பம் எழுதும்போதே பட்ஜெட்டில் விடுப்புக்கால மாற்றுப் பணியாளருக்கு ஒரு வரி போட்டுவிட வேண்டும். ஒரு குடும்பத்தை ஆறு மாதம் ஆள் இல்லாமல் விட முடியாது என்று எடுத்துச் சொன்னால் நிதி தருபவர்களுக்கும் புரிகிறது.

ஆனால் மாற்று ஆள் வந்தால் மட்டும் போதாது. குடும்பத்தைப் பற்றித் தெரிந்ததெல்லாம் ஒருவர் மனசிலேயே கிடந்தால், அவர் லீவு போட்டாலும் போன் அடித்துக்கொண்டுதான் இருக்கும். நான் உயிராக மதிக்கும் கருவி ஒப்படைப்புக் குறிப்பு. ஃபைலில் இருக்கும் மருத்துவ அறிக்கை வேறு, இது வேறு. பெருமூளை வாதம் உள்ள ஒரு பையனுக்கு எழுதும் குறிப்பு இப்படி இருக்கும்: ‘படுக்கவைத்து ஊட்டக் கூடாது. மூலை நாற்காலியில் நிமிர்த்தி உட்காரவைத்து, தாடை சற்றுத் தாழ்ந்திருக்கும்படி பிடித்துக்கொள்ளவும். கஞ்சி நீர்க்க இருந்தால் புரையேறும். வலிப்பு மாத்திரை இந்த மாதக் கடைசியில் தீரும். அம்மா செங்கல் சூளையில் வேலை. ஏழரைக்கு மேல்தான் போன் எடுப்பார். நல்லது கெட்டது பாட்டி சொன்னால்தான் நடக்கும். அவரையும் உட்காரவைத்துப் பேசவும்.’ இதைப் படித்துவிட்டுப் போகிறவரை அந்த வீடு அந்நியராக நினைக்காது. எழுதியவர் தன் பிள்ளையின் பள்ளி விழாவுக்கு நிம்மதியாகப் போகலாம்.

குறிப்பு ஒழுங்காக இருந்தால் மற்ற ஏற்பாடுகள் தானாக அமையும். குடும்பங்களுக்கு ஒரே போன் எண் கொடுத்து, மாலை அழைப்புகளை முறைவைத்து ஆளுக்கொரு நாள் எடுக்கலாம். வாராந்திரக் கூட்டத்தைக் காலை பதினொன்றுக்கு வைக்கலாம். அறிக்கைக்கான விவரங்களை மாதாமாதம் சேர்த்துவைத்தால் மார்ச்சில் பாரம் பாதி இறங்கும். மேலாளர் வேலைக்காக வெளியூரில் இரவு தங்க முடியாதவர்களுக்கு இன்னொரு ஏணியும் வேண்டும்: மூத்த களப்பணியாளர் என்ற பதவி, ஒருங்கிணைப்பாளருக்கு இணையான சம்பளம், புதிதாகச் சேர்பவர்களைப் பழக்கும் பொறுப்பு. குழந்தையை எப்படித் தூக்க வேண்டும் என்று கைபிடித்துக் கற்றுத்தரும் அனுபவம் எக்செல் தாளில் கணக்குப் போடுவதைவிடக் குறைந்தது அல்ல. பிள்ளைகள் வளர்ந்த பின் அவர் நிர்வாகத்துக்கு வர விரும்பினால் அந்தக் கதவும் திறந்தே இருக்க வேண்டும்.

வீட்டுக்கும் இதே முறைதான். காய்ச்சல் மருந்தின் அளவும் அடுத்த தடுப்பூசித் தேதியும் வகுப்பு ஆசிரியரின் எண்ணும் எனக்கு மட்டுமே தெரிந்திருந்த வரை, என்னால் ஓர் இரவுகூட மதுரையை விட்டு நகர முடியவில்லை. இவையெல்லாம் கணவருக்கும் மாமியாருக்கும் அத்துபடியான பிறகுதான் என்னால் மேலாளர் வேலையை ஏற்க முடிந்தது. ‘எல்லாவற்றையும் நீங்களே சுமக்காதீர்கள், வீட்டில் மற்றவர்களுக்கும் பழக்கிவிடுங்கள்’ என்று நாங்கள் சந்திக்கும் ஒவ்வொரு அம்மாவிடமும் சொல்கிறோம். அந்த வார்த்தைக்கு வலு இருக்க வேண்டுமானால் நம் அலுவலகமும் அப்படி நடக்க வேண்டும்.

பதவி உயர்வு வாய்ப்பு வந்து நிற்கும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். முடியாது என்று உடனே சொல்லிவிடாதீர்கள். மாதத்தில் எத்தனை இரவு வெளியூர், மாலை அழைப்பு யார் முறை, நான் இல்லாத நாளில் யார் பொறுப்பு என்று மூன்றையும் கேளுங்கள். பதில் இருந்தால் தயங்காமல் ஏற்றுக்கொள்ளுங்கள். இல்லையென்றால், மூன்றுக்கும் ஏற்பாடு செய்யச் சொல்லி, அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு ஏற்றுக்கொள்ளுங்கள். உங்களுக்குப் பின்னால் வருகிறவளுக்கும் அது உதவும்.