ஐப்பசி மழையும் அயர்ன் செய்த கூந்தலும்

ஐப்பசி பிறந்துவிட்டால் தஞ்சாவூரில் லேயர் கட் பெண்களுக்குச் சோதனைதான். ஸ்ட்ரெய்ட்னரால் கம்பி போல நீட்டிய முடி, பஸ் ஸ்டாண்டு போவதற்குள் சுருண்டுவிடும். முகத்தோரம் இருக்கும் குட்டை லேயர்தான் முதலில் கிளம்பும்.

சூடு போதவில்லை என்று 200 டிகிரிக்கு ஏற்றுவார்கள். தப்பு அங்கேதான். முடியின் கெரட்டினில் உள்ள ஹைட்ரஜன் பிணைப்புகள் சூட்டில் அவிழ்ந்து, ஆறும்போது நேராகச் சேர்கின்றன. மழைக்காற்றின் ஈரம் பட்டால் மறுபடி அவிழும். சூட்டைக் கூட்டினால் கெரட்டின்தான் கெடும், கெட்டது திரும்பாது. ஈரத்தலையில் அயர்ன் வைத்தால் முடிக்குள்ளேயே நீராவிக் குமிழி கிளம்பி, முடி உடையும்.

ஆகவே நன்றாக உலர்த்திவிட்டு, அடி லேயரிலிருந்து சின்னச் சின்னப் பகுதியாக, மெல்லிய முடியென்றால் 150 டிகிரியில், ஒரே இழுப்பு. ஆறும்வரை கை வைக்கக்கூடாது.

அப்புறமும் சுருண்டால்? பின்னல் எதற்கு இருக்கிறது!