செம்பில் அரை மில்லிமீட்டர்

கோவை கணபதியின் உள்தெருக்களில் ஒரு பம்ப்பின் உறுப்புகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துச் செய்கிறார்கள். ஒருவர் ஷாஃப்ட் மட்டும் கடைவார். அடுத்த வாசலில் இம்பெல்லர். அதற்கும் அடுத்ததில் சாவிக்குழி மட்டும் வெட்டுவார்கள். ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் 1937-இல் மின்மோட்டார் செய்த ஊர் இது. தண்ணீரைத் தள்ளும் கருவிகளோடு பழகிய இந்த ஜாப் ஆர்டர் பட்டறைகளில் ஒன்றுக்கு, கணினியின் பிராசஸரைத் தண்ணீரால் குளிர்விக்கும் பிளாக் செய்துதரச் சொல்லி ஒரு ட்ராயிங் வந்திருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனேன்.

இரண்டு லேத், ஒரு பழைய மில்லிங் மெஷின், கடனில் வாங்கிய ஒரு விஎம்சி, அதாவது கணினி இயக்கும் மில்லிங் மெஷின். இவ்வளவுதான் பட்டறை. ட்ராயிங்கைக் கொண்டுவந்தவர் இளம் பொறியாளர். அனிமேஷன் வேலை செய்கிறவர்களுக்குக் கணினி கட்டிக்கொடுப்பது அவர் தொழில். பட்டறைக்காரரை அவர் அண்ணா என்கிறார், அவர் இவரைத் தம்பி என்கிறார். மில்லிங் மெஷினில் நிற்கும் நரைத்த தலைக்காரர் எல்லோருக்கும் மாஸ்டர்.

கடையில் கிடைக்கும் பிளாக்கை வாங்கிப் போடக்கூடாதா என்று கேட்டேன். பொறியாளர் பையிலிருந்து ஒரு பிராசஸரை எடுத்துக் காட்டினார். 2022-இல் வந்த ஏஎம்5 வகை. பக்கத்துக்கு 40 மி.மீ. உள்ள சதுரம். அதன் உலோக மூடிக்குக் கீழே கணக்கிடும் சில்லுகள் நடுவில் இல்லை, ஓர் ஓரமாக ஒதுங்கி இருக்கின்றன. ரைசன் 7950எக்ஸ் என்றால் ஏறக்குறைய 70 சதுர மி.மீ. அளவில் இரண்டு சில்லுகள். முழு வேகத்தில் பிராசஸர் இழுக்கும் 230 வாட்டில் பெரும்பகுதி அந்த இரண்டிலும்தான் எரிகிறது. ஒரு சதுர சென்டிமீட்டருக்கு 100 வாட்டைத் தாண்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டியின் அடித்தட்டில்கூட அந்த அளவு இடத்துக்கு 5 வாட்தான் வரும். கடை பிளாக்குகளில் தண்ணீர் பெரும்பாலும் மூடியின் நடுவில் வந்து இறங்கும், சூடோ ஓரத்தில். இதற்காகவே ஆஸ்திரியாவின் நாக்டுவா நிறுவனம் 2023-இல் தன் காற்றுக் கூலர்களை 7 மி.மீ. தள்ளிப் பொருத்தும் பட்டைகளை விற்கத் தொடங்கியது. இவர் பிளாக்கையே அந்த ஓரத்துக்கு ஏற்றபடி செய்ய நினைக்கிறார்.

வெப்பத்தைச் சுமந்துபோவது தண்ணீருக்குப் பெரிய வேலையே அல்ல. நிமிடத்துக்கு 4 லிட்டர் ஓடினால், 230 வாட்டையும் வாங்கிக்கொண்ட பிறகு தண்ணீர் ஒரு டிகிரிகூடச் சூடேறாது. செம்பிலிருந்து தண்ணீருக்கு வெப்பம் இறங்கும் இடத்தில்தான் நெரிசல். அதற்குத்தான் செம்பை மெல்லிய துடுப்புகளாகச் சீவி, இடையில் குறுகிய வாய்க்கால்கள் விடுகிறார்கள். தண்ணீர் சீராக வழுக்கி ஓடும்போது, வாய்க்காலின் அகலத்தைப் பாதியாக்கினால் அது வெப்பம் வாங்கும் திறன் இரட்டிப்பாகும். ஆனால் அதே வேகத்தில் தள்ள நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். ஸ்டான்ஃபோர்டில் டக்கர்மன், பீஸ் என்ற இருவர் 1981-இல் சிலிக்கானிலேயே 50 மைக்ரான் அகல வாய்க்கால்களை வெட்டி, ஒரு சதுர சென்டிமீட்டரில் 790 வாட்டை அப்புறப்படுத்திக் காட்டினார்கள். இன்று கடையில் விற்கும் பிளாக் எல்லாம் அந்த வழியில் வந்தவைதான்.

ட்ராயிங்கில் 6 மி.மீ. செம்புத் தகடு. நடுவே 30 மி.மீ. நீளத்தில் வாய்க்கால்கள், ஒவ்வொன்றும் அரை மி.மீ. அகலம், 3 மி.மீ. ஆழம். மாஸ்டர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் காகிதத்தைப் பார்த்தார்.

“இதை எதுலீங்க தம்பி வெட்டறது?”

“விஎம்சியில, 0.5 எண்ட் மில் போட்டு…”

“காப்பருங்க. ரெண்டாவது வரியிலயே ஒடிஞ்சு போயிரும்.”

சுத்தமான செம்பு வார்ப்பிரும்பைப் போலப் பொடிப்பொடியாக உதிராது. மெழுகு போல இழுபடும், கட்டரின் கூர்முனையிலேயே ஒட்டிக்கொள்ளும். தலைமுடி சிலவற்றைச் சேர்த்த பருமனுள்ள கட்டரால் அந்த இழுவையைத் தாங்க முடியாது. மாஸ்டரிடம் வேறு வழி இருந்தது. 63 மி.மீ. விட்டமும் அரை மி.மீ. தடிமனும் உள்ள வட்டமான ஸ்லிட்டிங் கட்டர். மில்லிங் மெஷினின் ஆர்பரில் மாட்டிச் சுழற்றினால் ரம்பம் போல அறுத்துக்கொண்டு போகும். ஆனால் வட்டம் வட்டத்தின் புத்தியைக் காட்டும். தகட்டின் நடுவில் 3 மி.மீ. ஆழத்துக்கு இறக்கினால், இரண்டு முனையிலும் 13 மி.மீ.க்கு மேல் சரிவு விழும். 30 மி.மீ. வாய்க்காலில் முழு ஆழம் கிடைப்பது நடுவில் ஒரு விரற்கடைகூட இருக்காது.

சாக்பீஸால் மெஷின் மேசையிலேயே மாஸ்டர் படம் போட்டார். சுற்றிலும் உள்ள செம்பை 3 மி.மீ. இறக்கிவிட்டு, நடுவில் 30-க்கு 30 மட்டும் மேடாக நிறுத்த வேண்டும். அப்போது கட்டர் ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் தடையில்லாமல் வெளியேறும். வாய்க்காலுக்கு எந்த முனையிலும் சரிவு இருக்காது. பொறியாளர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்து, பிளாக்கின் மேல்மூடியின் வடிவத்தை மாற்றத் தொடங்கினார். செம்பில் பள்ளமாக இருந்ததை மூடியில் பள்ளமாக்கி, அந்த மேடு அதற்குள் உட்காரும்படி செய்தார். ஓ-ரிங் காடியும் மூடிக்குப் போயிற்று. வாரக்கணக்காகக் கணினியில் திருத்திய மாடலின் அடிப்படை அந்தச் சாக்பீஸ் கோட்டில் மாறிவிட்டது.

வெட்டும் நாளிலும் அங்கே இருந்தேன். மாஸ்டர் கட்டரை மெதுவாகச் சுழலவிட்டு, ஒரு கையால் கூலண்ட்டைச் சரியாக வெட்டுவாயில் விழும்படி திருப்பிக்கொண்டே இருந்தார். சில வாய்க்கால் முடிந்ததும் நிறுத்தி, உருக்கிய மெழுகை அவற்றில் ஊற்றினார். அரை மி.மீ. துடுப்பு, பக்கத்து வெட்டு விழும்போது சாய்ந்துவிடுமாம். மெழுகு இறுகினால் முட்டுக்கொடுத்தது போல நிற்கும். மேசையை 1 மி.மீ. நகர்த்துவார், டயலைப் பார்ப்பார், அடுத்த வெட்டு. 9 சதுர சென்டிமீட்டராக இருந்த மேட்டில், வாய்க்கால்களின் சுவர்களை மட்டும் சேர்த்தால் தண்ணீர் தொடும் பரப்பு 50-ஐத் தாண்டிவிடும்.

பிசிறு எடுப்பது, பட்டறையில் எல்லோரும் அக்கா என்று அழைக்கும் பெண்ணின் வேலை. விளக்கு வைத்த பூதக்கண்ணாடிக்குக் கீழே ஊசியால் ஒவ்வொரு துடுப்பின் விளிம்பையும் தடவிக்கொண்டே போகிறார். ஒரு பிசிறு உள்ளே நின்றுவிட்டால் வரும் குப்பையையெல்லாம் அது பிடித்து வைத்து வாய்க்காலை அடைத்துவிடும். “கண்ணுல படறதைவிட ஊசி நுனியிலதானுங்க தெரியும்” என்றார், தலை நிமிராமல்.

மூடி அக்ரிலிக். மேலே தண்ணீர் வரும் துளை, அதன் கீழே துடுப்புகளுக்குக் குறுக்கே ஒரு நீள்வெட்டு. அந்த வெட்டைத்தான் பொறியாளர் சில்லுகளின் நேர்மேலே தள்ளி வைத்திருக்கிறார். குளிர்ந்த தண்ணீர் முதலில் கொதிப்பான இடத்தில் இறங்கி, இரண்டு பக்கமும் பிரிந்து ஓடி, ஓரங்களில் சேர்ந்து வெளியேறும். குழாய் மாட்டும் துளைக்குக் கால் இன்ச் பிஎஸ்பி திரெட். இதைக் கேட்டதும் பட்டறைக்காரர் சிரித்தார். அவர் வாழ்நாளெல்லாம் போட்ட திரெட். ஆனால் உடனே கேட்டார்: “டேப்பருங்களா, பேரலலுங்களா?” பம்ப்பில் டேப்பர் திரெட் போட்டு, டெஃப்லான் சுற்றி முறுக்குவார்கள். இரும்பு தாங்கும், அக்ரிலிக் பிளந்துவிடும். இங்கே பேரலல்தான். கசிவைத் தடுக்கிற வேலையைத் திரெட் செய்யாது, ஃபிட்டிங்கின் கீழே உள்ள ரப்பர் வளையம் செய்யும். செம்புக்கும் மூடிக்கும் நடுவிலும் அப்படியே. 2 மி.மீ. ஓ-ரிங்குக்கு ஒன்றரை மி.மீ. ஆழக் காடி, கால்பங்கு நசுங்கினால் போதும்.

செம்பு விலையைப் பார்த்து, அடித்தகட்டை அலுமினியத்தில் செய்தால் என்ன என்று பட்டறைக்காரர் ஒருமுறை கேட்டுவைத்தார். வெட்டவும் சுலபம். ஆனால் வெப்பம் கடத்துவதில் 6061 அலுமினியம் செம்பில் பாதிகூட வராது. அதோடு, தண்ணீரை ஆறவைக்கும் ரேடியேட்டர் செம்பும் பித்தளையுமாக இருக்க, அதே தண்ணீரில் அலுமினியம் சேர்ந்தால் அது மின்கலம் போல அரிபட்டுக் கரையும். பேச்சு அத்தோடு முடிந்தது.

கடைசி வேலை அடிப்பக்கம். கண்ணாடித் தகட்டின்மேல் எமரி ஷீட்டை விரித்து, 400-இல் தொடங்கி 800, 1200 என்று எட்டு போடுவதுபோலத் தேய்க்கிறார்கள். முகம் தெரிகிற அளவு பளபளத்ததும் எனக்கு முடிந்ததாகத் தோன்றியது. மாஸ்டர் மட்டம் பார்க்கும் சர்ஃபேஸ் பிளேட்டில் ப்ளூ தடவி அதன்மேல் பிளாக்கை ஒருமுறை நகர்த்தி எடுத்தார். நான்கு மூலையிலும் நீலம், நடுவில் இல்லை. நடுப்பகுதி தாழ்ந்திருக்கிறது. மீண்டும் எமரி. இந்தப் பிடிவாதத்துக்குக் காரணம் உண்டு. பிராசஸருக்கும் பிளாக்குக்கும் இடையே தடவும் பேஸ்ட், செம்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவே வெப்பம் கடத்தும். 0.05 மி.மீ. பேஸ்ட் கூடுதலாக நின்றால், வெப்பத்துக்கு அது இரண்டரை மி.மீ. செம்பைக் கடப்பதற்குச் சமம். துடுப்புகளில் பாடுபட்டுச் சேர்த்ததெல்லாம் அங்கே போய்விடும்.

பிளாக்கைப் பூட்டி, ஒரு துளையை அடைத்து, மறு துளையில் சைக்கிள் பம்ப்பால் காற்றை ஏற்றி வாளித் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். குமிழி வரவில்லை. பொறியாளர் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, “மாஸ்டர், அடுத்ததுல 0.3 வெட்ட முடியுமுங்களா?” என்றார்.

“கட்டர் வாங்கிக்கலாமுங்க. ஆனா மூணு ஆழம் கேக்கக்கூடாது, வளைஞ்சுக்கும். ரெண்டுதான்.”

பட்டறைக்காரர் குறுக்கிட்டார். “வாய்க்கால் சுருங்கி, ஆழமும் குறைஞ்சா தண்ணி தள்ளோணுமே. உங்க பம்ப்புக்கு ஹெட் எவ்வளவுங்க தம்பி?”

டி5 பம்ப், அதிகபட்சம் 4 மீட்டர்வரை தள்ளும், அதில் ரேடியேட்டருக்கும் குழாய்க்கும் பங்கு போக வேண்டும் என்றார் பொறியாளர். பட்டறைக்காரர் தலையை ஆட்டினார். வெப்பக் கணக்கு அவருக்குத் தெரியாது. ஆனால் கிணற்று ஆழத்தைக் கேட்டு மோட்டார் சொல்கிற ஊரில், தண்ணீர் எதற்கு மறுக்கும் என்று அவருக்குத் தெரியும். நல்ல பிளாக் என்பது மிக மெல்லிய துடுப்பு கொண்டது அல்ல. கட்டர் வெட்டக்கூடியதும் பம்ப் தள்ளக்கூடியதும் சந்திக்கிற அளவில் நிற்பது. அந்த அளவைச் சொல்ல வெப்பம் படித்தவர் ஒருவர் மட்டும் போதாது.

“ரெண்டு ஆழத்துல உங்க கணக்கு நிக்குதான்னு பாத்துட்டு வாங்க, அப்பறம் கட்டருக்குச் சொல்லிக்கலாம்” என்று சொல்லிவிட்டு, மாஸ்டர் காத்திருந்த இம்பெல்லர் ஒன்றை வைஸில் ஏற்றினார்.