மூன்று கணிப்பொறிகளும் ஒரு மலரும்



திருத்தணி என்றதும் எல்லோருக்கும் முதலில் நினைவுக்கு வருவது முருகன் மலையும் அதன் 365 படிகளும்தாம். அடுத்தபடியாக நினைவுக்கு வருபவர் டாக்டர் ராதாகிருஷ்ணன். 1888-ஆம் ஆண்டு செப்டம்பர் 5-ஆம் நாள் அப்பெருமகனார் பிறந்த ஊர் இது. 1962-ஆம் ஆண்டு முதல் அவருடைய பிறந்த நாளையே ஆசிரியர் தினமாக நாடு கொண்டாடி வருகிறது. ஆகவே ஆசிரியர் தினம் எங்களுக்கு நாட்டு விழா மட்டுமன்று. சொந்த ஊர் விழாவும் ஆகும்.

கடந்த 2025-ஆம் ஆண்டு ஆசிரியர் தினத்தன்று, ஓய்வு பெற இருந்த எங்கள் தமிழம்மாவுக்கு ஒரு சிறு மலர் வெளியிடுவது என்று பத்தாம் வகுப்பு மாணவியர் முடிவு செய்தோம். முப்பத்திரண்டு பக்கங்கள். தட்டச்சு செய்யும் பொறுப்பு எங்கள் மூவருக்கு வந்தது. அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம். அதில் எங்கள் பெருமை கொஞ்சம்; எங்கள் வெட்கம் அதைவிடக் கொஞ்சம் அதிகம்.

எங்களில் ஒருத்திக்குப் பள்ளி ஆய்வகத்தின் விண்டோஸ் கணிப்பொறி. மற்றொருத்தி நகரியிலிருந்து தினமும் இரயிலில் வருபவள். சென்னையில் வேலை செய்யும் அவள் அப்பாவிடம் ஆப்பிள் நிறுவனத்தின் மேக் மடிக்கணினி இருந்தது. மூன்றாமவளின் அம்மா மலையடிவாரத்தில் பூ விற்கிறார். அவள் வீட்டிலும் ஒரு மடிக்கணினி உண்டு. தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று நம் திருவள்ளூர் மாவட்டத்துக் காக்களூரில்தான் தொடங்கி வைக்கப்பட்டது. அத்திட்டத்தில் அவளுடைய பெரியப்பா மகள் பிளஸ் டூ படிக்கும்போது வாங்கிய பெட்டி அது. அக்காவுக்குத் திருமணமானபின் தங்கையிடம் வந்து சேர்ந்தது. அதில் விண்டோஸ் 7-உம், சென்னை சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் என்னும் லினக்ஸும் இருந்தன.

கணிப்பொறியைத் தட்டி எழுப்பி வேலை வாங்கும் அடிப்படை நிரலுக்கு இயங்குதளம் என்று பெயர். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றும் மூன்று இயங்குதளங்கள். அவற்றின்மேல் அமர்ந்து எழுதவும் கணக்குப் போடவும் உதவுவதே அலுவலகத் தொகுப்பு.

முதல் வாரம் நாங்கள் இருவரும் விலைக்கு விற்கப்படும் ஒரு தொகுப்பில் தட்டச்சு செய்து கோப்புகளை மூன்றாமவளுக்குக் கொடுத்தோம். அவள் தன் பங்கைத் தாளில் கையால் எழுதிக் கொண்டுவந்தாள். அதுவும் இரண்டு நாள் தாமதமாக.

“உனக்கு மட்டும் எப்போதும் ஒரு சாக்கு!” என்று நாங்கள் கடிந்துகொண்டோம். அவள் தலையைக் குனிந்துகொண்டாளே தவிர ஒரு வார்த்தையும் பேசவில்லை.

இதற்கிடையில் ஆய்வகக் கணிப்பொறியில் அந்தத் தொகுப்பின் சோதனைக் காலம் முடிந்து, திறக்க மறுத்தது. கடைத்தெருவில் ஒரு கணிப்பொறி மையத்து அண்ணன், “இதற்கா கவலை? சாவி எண் என்னிடம் இருக்கிறது, ஐந்து நிமிட வேலை” என்று ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்தார். மகிழ்ச்சியோடு அதைப் பள்ளிக்குக் கொண்டுவந்தோம்.

தலைமையாசிரியை சிஸ்டர் அதைக் கையில் வாங்கிப் பார்த்தார்கள். “பிள்ளைகளே, இது யாருடையது?” என்று மட்டும் கேட்டார்கள். எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஏழாம் கட்டளையை நற்செய்தி வகுப்பிலும் நீதிபோதனை வகுப்பிலும் எத்தனை முறை ஒப்பித்திருக்கிறோம்! களவு என்றால் பூட்டை உடைப்பது என்றுதான் அதுவரை எண்ணியிருந்தோம். ஆசிரியைக்குக் காணிக்கையாகும் மலரைத் திருட்டுச் சாவியால் திறக்கப் பார்த்தோமே என்று நாணினோம்.

அப்போதுதான் மூன்றாமவள் வாய் திறந்தாள். “சிஸ்டர், அதைப் போட்டாலும் என் பெட்டியில் பயனில்லை. இவர்கள் அனுப்பும் கோப்பு என் பழைய நிரலில் வரிகள் சிதறி, படத்தின்மேல் எழுத்து ஏறி வருகிறது. அதனால்தான் கையால் எழுதினேன்.”

எங்கள் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இரவு வெகுநேரம் விழித்து எழுதியவளையா சோம்பேறி என்று நினைத்தோம்!

எங்கள் கணிப்பொறி ஆசிரியை ஒரு வழி காட்டினார்கள். அதன் பெயர் லிப்ரே ஆபீஸ். ‘லிப்ரே’ என்றால் விடுதலை பெற்றது என்று பொருள். அதன் வரலாறு சுவையானது. ஜெர்மனியில் மார்கோ பேரிஸ் என்ற மாணவர் 1985-இல், தம் பதினாறாம் வயதில், ஸ்டார் டிவிஷன் என்ற நிறுவனத்தைத் தொடங்கினார். எங்களைவிட ஒரு வயதுதான் மூத்தவர்! அந்த நிறுவனத்தின் தொகுப்பை 1999-இல் சன் நிறுவனம் வாங்கி, 2000-ஆம் ஆண்டில் அதன் மூல நிரலை உலகுக்கே திறந்துவிட்டது. அது ஓப்பன் ஆபீஸ் ஆயிற்று. சன் நிறுவனம் 2010-இல் ஆரக்கிள் கைக்கு மாறியபின், தன்னார்வலர்கள் பலர் அதே ஆண்டு செப்டம்பரில் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். அதை யாரும் நிறுவலாம், தோழிக்குப் பிரதி எடுத்துக் கொடுக்கலாம், திருத்தவும் செய்யலாம். உரிமப் பத்திரமே அவ்வாறு அனுமதிக்கிறது. அதே பென் டிரைவ், இப்போது குற்ற உணர்வின்றிக் கைமாறியது.

விண்டோஸில் நிறுவுவது எளிதாகவே இருந்தது. முந்நூறு மெகாபைட்டுக்கு மேற்பட்ட ஒரே கோப்பு. இருமுறை சொடுக்கினால் நிறுவி திறக்கிறது. நிர்வாகியின் கடவுச்சொல் கேட்டபோது ஆசிரியை வந்து இட்டார்கள். அவசரப்பட்டு எல்லாவற்றுக்கும் ‘அடுத்து’ என்று அழுத்தாமல், நம் விருப்பப்படி தேர்ந்தெடுக்கும் வழியில் சென்று மொழிப் பட்டியலில் தமிழையும் குறித்தோம்.

அரசு மடிக்கணினியில்தான் சோதனை. ஆகஸ்ட் மாதம் வெளிவந்த 25.8 பதிப்பு விண்டோஸ் 7-ஐ ஏற்காது. அதிலிருந்த பாஸ் லினக்ஸும் மிகப் பழையது. எனவே ஆசிரியை, பாஸுக்கு அடிப்படையான டெபியன் லினக்ஸின் புதிய பதிப்பை அதில் ஏற்றிக் கொடுத்தார்கள். லினக்ஸுக்கு லிப்ரே ஆபீஸ் சுருக்கப்பட்ட பொதியாக வருகிறது. தமிழுக்கு மொழிப்பொதி தனி. பொதியை விரித்து, உள்ளே ‘டெப்ஸ்’ என்ற கோப்புறைக்குச் சென்று, கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும். நாங்கள் இருவரும் தட்டினோம். ‘அப்படி ஒரு கோப்பே இல்லை’ என்றது. மீண்டும் தட்டினோம், கடவுச்சொல் கேட்டது. எழுத்துகள் எதுவுமே திரையில் விழவில்லை. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று பதறினோம்.

மூன்றாமவள் சிரித்தாள். “கடவுச்சொல் அடித்தால் திரையில் தெரியாதடி, அது அப்படித்தான். நீங்கள் நிற்கும் கோப்புறையும் வேறு. வாசலில் நின்றுகொண்டு சமையலறைப் பாத்திரத்தை எடு என்றால் கைக்கு வருமா?” என்றாள். சரியான கோப்புறைக்குச் சென்று ஒரே வரி தட்டினாள். வரி வரியாய் ஓடி முடிந்தது. அந்தப் பெட்டியோடு பல ஆண்டுகள் பழகியவளல்லவா! அன்று அவள் ஆசிரியை, நாங்கள் மாணவிகள்.

மேக் கணிப்பொறிக்கு இரண்டு விதக் கோப்புகள் உள்ளன: இன்டெல் சில்லுக்கு ஒன்று, ஆப்பிளின் சொந்தச் சில்லுக்கு ஒன்று. எது நம்முடையது என்று ‘இந்த மேக்கைப் பற்றி’ என்னும் பகுதியில் பார்த்துக்கொள்ள வேண்டும். பிறகு படக்குறியைப் பயன்பாடுகள் கோப்புறைக்குள் இழுத்துவிட்டால் போதும். இங்கும் மொழிப்பொதி தனி. முதலில் லிப்ரே ஆபீஸை ஒருமுறை திறந்து மூடிய பின்பே அதை நிறுவ வேண்டும். 1960 ஏப்ரல் 1-ஆம் நாள் சித்தூர் மாவட்டத்திலிருந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்த ஊரல்லவா நம்முடையது? இங்கே இரு மொழியும் உறவு. நகரித் தோழி, தன் அவ்வா பார்ப்பதற்கென்று தெலுங்குப் பொதியையும் சேர்த்துக்கொண்டாள்.

நிறுவியதோடு தொல்லை தீர்ந்ததா? இல்லை. ஒரே கோப்பு ஆய்வகத்தில் 32 பக்கம், மேக்கில் 34 பக்கம்! மூன்று இயங்குதளங்களிலும் தமிழ் எழுத்துரு வேறு வேறு. ஒன்றில் எழுத்து அகலம், மற்றொன்றில் ஒடுக்கம். நோட்டோ சான்ஸ் தமிழ் என்னும் கட்டற்ற எழுத்துருவை மூன்றிலும் நிறுவினோம். 2006-இல் உலகத் தரமாக ஏற்கப்பட்ட திறந்த ஆவண வடிவிலேயே கோப்புகளைச் சேமித்தோம். பக்கங்கள் மூன்று பெட்டிகளிலும் ஒன்றுபோல் அமைந்தன. இறுதியில் பிடிஎஃப் ஆக்கி அச்சகத்துக்கு அனுப்பினோம்.

மலையின்மேல் சிலர் படியேறிப் போகிறார்கள். சிலர் மலைப்பாதையில் வண்டியில் போகிறார்கள். சேருமிடம் ஒன்றுதான். ஆனால் வண்டியில் போனவர்கள், படியேறி வருபவரைத் தாமதம் என்று ஏசக் கூடாது. நாங்கள் அந்தத் தவற்றைத்தான் செய்தோம். மலர் வெளியீட்டுக்கு முன்னாள் மாலை, மூன்றாமவளிடம் மன்னிப்புக் கேட்டோம். “முதலில் முன்னுரையில் எழுத்துப்பிழை பாருங்கள்” என்று எங்களை வேலைக்கு விரட்டினாள்.

விழாவன்று தமிழம்மா மலரைப் புரட்டிக்கொண்டே வந்து, ஒரு பக்கத்தில் வெகுநேரம் நின்றார்கள். அது மூன்றாமவள் கையால் எழுதிக் கொண்டுவந்த கட்டுரை. அந்த ஒன்றை மட்டும் தட்டச்சு செய்யாமல், அவள் கையெழுத்திலேயே படமாக்கிச் சேர்த்திருந்தோம்.

தோழியரே! இலவசம் வேறு, களவு வேறு. மனமுவந்து கொடுத்ததை வாங்கிக்கொள்வதில் இழிவில்லை. அதை அடுத்தவருக்கும் கொடுப்பதே அதற்கு நாம் செலுத்தும் விலை. மூன்று இயங்குதளங்களுக்கும் உரிய கோப்புகள் அடங்கிய பென் டிரைவ் இப்போது கணிப்பொறி ஆய்வக அலமாரியில் இருக்கிறது. வீட்டில் எவ்வளவு பழைய பெட்டி இருந்தாலும் கூச்சப்படாமல் வந்து கேளுங்கள். கறுப்புத் திரை என்றால் மட்டும் எங்கள் மூன்றாமவளைக் கூப்பிடுவோம்.

— பத்தாம் வகுப்பு ‘அ’ பிரிவு மாணவி