கறுப்பு வெள்ளை போட்டோவுக்குள்ளே ஒரு ரயில் எஞ்சின்

டாக்டருக்கு ரயில் எஞ்சின்ல என்ன வேலைன்னு கேட்பீங்க. கொஞ்சம் பொறுங்க மக்களே, எக்ஸ்ரேயும் பயாப்ஸியும் வரும்.

1869 மே 10. அமெரிக்காவின் யூட்டாவில் ப்ரொமான்டரி என்ற மேட்டுநிலம். கிழக்கே இருந்தும் மேற்கே இருந்தும் போட்டுக்கொண்டு வந்த தண்டவாளங்கள் அங்கே சேர்ந்தன. இரண்டு எஞ்சின்கள் மூக்கோடு மூக்கு வைத்து நிற்க, சுற்றிக் கூட்டம் நிற்கும் அந்த போட்டோவை எங்கேயாவது பார்த்திருப்பீங்க. ஒன்று 'ஜூபிடர்', விறகு எஞ்சின். எதிரே நிற்பது 119, நிலக்கரி எஞ்சின்.

இதுல ஒரு வேடிக்கை. ரெண்டுமே அன்னிக்கு மாற்று டூட்டி! மேற்கே இருந்து வரவேண்டிய எஞ்சின் மேல, மலையில் மரம் வெட்டினவங்க உருட்டிவிட்ட கட்டை மோதிருச்சு. கிழக்கே இருந்து வந்த எஞ்சின், வெள்ளத்தில் ஆட்டம் கண்ட பாலத்தைத் தாண்டாமல் நின்னுருச்சு. கையில் கிடைத்த எஞ்சின்களை அனுப்பினாங்க. அதுங்கதான் வரலாற்றுல நிக்குது.

அந்தப் புகழ் ரெண்டையும் காப்பாத்தலை. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெண்டையும் உடைச்சு இரும்பு விலைக்குப் போட்டுட்டாங்க. 1970-களில் தேசியப் பூங்கா துறை அதே இடத்தில் அதே எஞ்சின்கள் ஓடணும்னு முடிவு பண்ணினப்போ, அசல் வரைபடம்கூட மிச்சமில்லை. இருந்தது போட்டோ மட்டும்.

கலிஃபோர்னியாவில் கோஸ்டா மேசா என்ற ஊரில் இருந்த ஓ'கானர் எஞ்சினியரிங் அந்த வேலையை எடுத்தது. பழைய போட்டோக்களைப் பெரிசு பண்ணி, அதிலிருந்து அளவு எடுத்து, ஏறத்தாழ 700 வரைபடம் புதுசா வரைஞ்சாங்க.

இந்த இடத்துலதான் எனக்குக் கை அரிக்குது. எக்ஸ்ரே பார்க்கிறவங்களுக்கு இந்தக் கஷ்டம் நல்லாத் தெரியும். படம்ங்கிறது தட்டை, உடம்பு தட்டை இல்லை. கேமராவுக்குப் பக்கத்தில் இருப்பது பெரிசாத் தெரியும், தள்ளி இருப்பது சின்னதாத் தெரியும். அதனால ஒரு சக்கரத்தோட அளவு தெரிஞ்சாலும், அதை வெச்சு புகைபோக்கியை அப்படியே கணக்குப் போட முடியாது. ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணு மறைஞ்சிருக்கும். பாய்லரோட உள்பக்கமோ போட்டோவில் வரவே வராது. அதைப் போட்டோ பார்த்துச் செய்யவும் கூடாது. ரிவெட் அடிச்ச பழைய பாய்லர்கள் வெடிச்சு எத்தனையோ பேர் செத்திருக்காங்க. அதனால இந்த மாதிரி வேலையில் வெளித்தோற்றம் அந்தக் காலம், பாய்லர் மட்டும் இந்தக் காலத்துப் பாதுகாப்பு விதிப்படி. பார்க்க வர்ற குழந்தைங்க பக்கத்துல நிக்கணும் இல்லையா?

1979 மே 10, சரியா 110 வருஷம் கழிச்சு, ரெண்டும் ப்ரொமான்டரியில் ஓடுச்சு. டிஸ்னி ஸ்டூடியோ ஓவியர் வார்ட் கிம்பல் அலங்கார ஓவியங்களைப் பார்த்துக்கிட்டார். ஜூபிடர் பளபளன்னு சிவப்பு.

ஆனா கறுப்பு வெள்ளை போட்டோ நிறம் சொல்லுமா?

பின்னாடி ஆய்வாளர்கள் பழைய செய்தித்தாள்களைத் துழாவினப்போ, அந்த வரிசை எஞ்சின்களைப் பத்தின வர்ணனை கிடைச்சது. நீலம், கருஞ்சிவப்பு, தங்கப்பூச்சு! படத்தில் இல்லாததை கேஸ் ஹிஸ்டரி சொன்ன மாதிரி. இல்லினாயில் ஒரு கட்டட ஒப்பந்ததாரர், ஜூபிடரோட கூடப்பிறந்த 'லெவியாதன்' எஞ்சினைச் சுமார் 10 வருஷம் உழைச்சு மறுபடி செஞ்சு 2009-ல ஓட்டினார். அதுக்கு நீலம்தான் பூசினார். ப்ரொமான்டரி ஜூபிடரை நான் பார்த்த படங்களில் எல்லாம் சிவப்புதான். என்னைக் கேட்டா நீலத்துக்கு மாத்திடலாம். ஆனா இத்தனை வருஷமா சிவப்பைப் பார்த்து வளர்ந்த அந்த ஊர்க்காரங்க சண்டைக்கு வருவாங்க, அதுவும் நியாயம்தான்.

அதே மனுஷர் அடுத்து எடுத்தது லிங்கனோட ரயில் பெட்டி. ஜனாதிபதி பயணத்துக்காகக் கட்டினது, 1865-ல அவரோட உடலைச் சுமந்து போகத்தான் பயன்பட்டது. 1911-ல மினியாபொலிஸ் பக்கத்தில் தீயில் எரிஞ்சு போச்சு. அதுக்கும் கலர் போட்டோ கிடையாது. நேரில் பார்த்தவங்க எழுதி வெச்சதோ ஆளுக்கொரு நிறம். ஒருத்தர் சாக்லேட் பழுப்பு, இன்னொருத்தர் ஒயின் சிவப்பு.

கடைசியில் மினசோட்டாவில் ஒரு வீட்டில் அந்தப் பெட்டியோட ஜன்னல் சட்டத் துண்டு ஒண்ணு பத்திரமா இருந்தது தெரிய வந்தது. அரிசோனா பல்கலைக்கழக வேதியியல்காரர் அந்த பெயின்ட்டைச் சோதிச்சார். அசல் பயாப்ஸி. ரிப்போர்ட்: அடர் மெரூன்.

2015-ல புதுப் பெட்டி பட்டறையை விட்டு அந்த நிறத்துலதான் வெளியே வந்துச்சு.