தரைக்கடியில் விளைந்த உப்பு

லேவியர் நூலின் 14ஆம் அதிகாரத்தை நம் இறைமக்களுள் பலர் புரட்டிக் கடந்துவிடுவது வழக்கம். குருமடத்திலும் பேராசிரியர் ஒரே மணி நேரத்தில் அதனை நடத்தி முடித்தார். வீட்டுச் சுவரில் பச்சையாகவோ சிவப்பாகவோ குழி விழுந்த கறை தோன்றினால், வீட்டுக்காரர் குருவிடம் வந்து சொல்ல வேண்டும். குரு வருமுன் வீட்டுப் பொருள்களையெல்லாம் வெளியேற்றிவிட வேண்டும். இல்லையேல் அவையும் தீட்டாகிவிடும். ஏழையின் சட்டிபானை மீது இறைச்சட்டம் கொண்ட பரிவு இது! பின்னர் ஏழு நாள் வீடு அடைக்கப்படும். கறை பரவியிருந்தால் கல்லைப் பெயர்த்து, சாந்தைச் சுரண்டி, ஊருக்கு வெளியே கொட்ட வேண்டும். மேலே பூசி மறைப்பதற்கு அச்சட்டத்தில் இடமே இல்லை.

மரக்காணத்தை அடுத்த அனுமந்தையில் நம் தங்கையின் குடும்பம் வாழ்கிறது. மைத்துனர் உப்பளத் தொழிலாளி. மகளின் நிச்சயதார்த்தத்தை முன்னிட்டு, 2025 தை மாதத்தில் தங்கை தன் சங்கிலியை அடகு வைத்து, பழைய சிமெண்ட் தரையை உடைத்து, டைல்ஸ் பதித்தாள். மூன்றே வாரத்தில் மூட்டுகளில் வெண்பொடி பூத்தது. தட்டினால் சில இடங்களில் வெற்றோசை எழுந்தது. பாயைச் சுருட்டினால் அடியில் ஓதம். "சாமி அண்ணே, தொடைக்கத் தொடைக்கக் கூடுதே" என்று அழுதாள்.

மைத்துனர் அப்பொடியை விரலால் தொட்டு நாவில் வைத்தார். "சாமி, நம்ம பாத்தி உப்புதான் இது. வீட்டுலயும் வெளையுது" என்றார்.

அவர் சொன்னதே முழு உண்மை. பாத்தியில் உவர்நீர் வெயிலில் வற்ற, உப்பு தங்குகிறது. வீட்டினடியிலும் அதுவே நிகழ்கிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல் நிலத்து நீர் மண்ணின் நுண்துளைகள் வழியே மேலேறுகிறது. 2024 நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையேறிய ஃபெஞ்சல் புயல் கொட்டிய மழைக்குப் பின் அந்த நீர் தரைக்கு மிக அருகில் நின்றது. பழைய சிமெண்ட் தரை அந்த ஈரத்தை எங்கும் சிறிது சிறிதாக மூச்சாக வெளிவிட்டது. பளபளக்கும் டைல்ஸோ வழிவிடாது. மூட்டு ஒன்றே வாசல். உப்பு அங்கே குவிகிறது. போதாக்குறைக்கு, அடியில் பரப்பியது கடலோரத்து மணல். குழைத்தது ஆழமற்ற கிணற்றின் உவர்நீர்.

உப்புக்கு இன்னொரு குணம் உண்டு. காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைக் கடந்தால் சாதாரண உப்பு காற்றிலிருந்தே நீரை ஈர்த்துக் கசியும். உப்பு வாரியபின் எஞ்சும் கசப்பு நீரிலுள்ள மக்னீசியம் குளோரைடு 33 விழுக்காட்டிலேயே கசியத் தொடங்கும். கடற்கரை இரவுகளில் அத்தரை எப்படிக் காயும்? ஈரத்துணி கொண்டு துடைப்பதனால் உப்பு கரைந்து மீண்டும் உள்ளே போகிறது, அவ்வளவே. உலர்ந்த தூரிகையால் பெருக்கி அள்ளி வெளியே கொட்டுவதே முறை.

வெனிசு நகரத்தின் பழங்காலக் கொத்தர்கள் இதை அறிந்து, செங்கற்சுவருக்கு அடியில் நீர் புகாத இஸ்திரியக் கல்லை வைத்தனர். கடல் உயர்ந்து அக்கல்லைத் தாண்டியபோது உப்பு செங்கல்லில் ஏறியது. 2019 நவம்பரில் அங்கே வெள்ளம் 187 செ.மீ. உயர்ந்தபோது புனித மாற்கு பேராலயமும் மூழ்கித் துன்புற்றது. அவ்வளவு தொலைவு செல்வானேன்? நம் உப்பளத் தொழிலாளர் உவர்நீர் கீழே இறங்காதபடி களிமண்ணைக் காலால் மிதித்து மிதித்துப் பாத்தியை இறுக்குகிறார்கள். அந்த அறிவு வயலோடு நின்றுவிட்டது. வீட்டுத் தரைக்கு வந்து சேரவில்லை.

கொத்தனார் மைத்துனருக்குச் சித்தப்பா மகன். "கடல் காத்து ஈரம்தான், மேலே ஒரு விரிப்பு ஒட்டினாப் போதும்" என்றார். மூட்டுகள் நடுவில் அமையுமாறு இரண்டடிச் சதுர பிளாஸ்டிக் தாளை விரித்து, ஓரங்களை ஒட்டி, ஒரு பகலும் ஓர் இரவும் விடச் சொன்னோம். தாளின் மேல் ஈரமென்றால் காற்று, அடியிலென்றால் நிலம். மறுநாள் அடியில் முத்து முத்தாய் நீர் நின்றது. அவரே குனிந்து பார்த்தார், நெடுநேரம் பேசவில்லை. பிறகு, கூலியின்றிப் பெயர்த்துத் தருவதாகச் சொன்னார். பொருட்செலவு யாருடையது என்பதில் தங்கைக்கும் அவருக்கும் இன்றளவும் மனத்தாங்கல் உண்டு. நாம் அதில் தீர்ப்புச் சொல்லவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரப் பத்து நாளே இருந்தது. "ஊர் சிரிக்காதா அண்ணே?" என்றாள். தரை திறந்தே கிடந்தது. வாசலில் பந்தலிட்டு, பாய் விரித்து நிச்சயம் நடந்தது. பெயர்த்த தரையை எட்டிப்பார்த்த சம்பந்தியம்மாள், தம் வீட்டிலும் பீரோவுக்கடியில் இப்படித்தான் என்று தங்கையின் காதோடு சொன்னாராம்.

சித்திரை, வைகாசி வெயில் முழுதும் நிலம் காய்ந்தது. உவர்மணலை அள்ளி வெளியேற்றி, மண்ணை இறுக்கி, நீர் ஏறாதபடி பெருஞ்சல்லி பரப்பி, அதன்மேல் தடித்த பிளாஸ்டிக் தாளை ஓரங்கள் சுவரோடு மேலேறி நிற்க விரித்து, நன்னீரில் குழைத்த கான்கிரீட் போட்டனர். கார்த்திகை மழைக்குப்பின் மைத்துனர் மறுபடியும் அந்தச் சதுரத் தாளை ஒட்டிப் பார்த்தார். அடியில் ஈரமில்லை. டைல்ஸ் வாங்கத்தான் கையில் பணமில்லை. இப்போது இருப்பது சிமெண்ட் தரை. சங்கிலி இன்னும் அடகிலேயே இருக்கிறது.