நம்ம பக்கத்து கோச்

கபடிக்கு எதற்கு கோச் என்று எங்கள் மாமா ரொம்ப வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். திருக்காட்டுப்பள்ளிக்குப் பக்கத்தில் அவருக்கு மூணு ஏக்கர் நிலம், ஒரு பம்ப் செட், தேய்ந்துபோன இடது முட்டி. முட்டி தேய்ந்தது வயல் வேலையில் இல்லை. எண்பதுகளில் ஊர் டீமுக்கு லெஃப்ட் கார்னர் நின்றவர். பாடி வருகிறவனின் கணுக்காலில் கை வைத்தால் எடுக்க மாட்டார் என்று சுற்றுவட்டாரத்தில் பேர்.

"எங்களுக்கு எவன்டா கோச்சிங் குடுத்தான் மாப்ள? நாத்துப் பறிச்சுட்டு அப்படியே வந்து எறங்குவோம். காலு வந்துச்சுன்னா புடி, வரலைன்னா நில்லு. இதுல சொல்லிக் குடுக்க என்னா இருக்கு?"

அப்பேர்ப்பட்ட மாமா, 2024-ல் ஒரு கோச் நியமனச் செய்தியைக் கேட்டுவிட்டு, டீக்கடையில் இருந்த அத்தனை பேருக்கும் தன் செலவில் டீ சொன்னார்.

புரோ கபடி லீக்கில் ஆடும் தமிழ் தலைவாஸ் அணிக்கு அந்த வருஷம் இரண்டு பயிற்சியாளர்கள். தலைமைக் கோச்சாக ஜே. உதயகுமார். 'ஸ்ட்ராட்டஜி கோச்' என்ற புதுப் பதவியில் தர்மராஜ் சேரலாதன். டீ இரண்டாவது பேருக்காக.

கல்லணையிலிருந்து கிழக்கே வந்தால் காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கோவிலடி. அதற்குப் பக்கத்தில் திருச்சென்னம்பூண்டி. பழைய கல்வெட்டுகளைத் தேடி வருகிறவர்களுக்கு அங்கே சடையார் கோயில் முக்கியம். கபடிக்காரர்களுக்கு அது சேரலாதன் ஊர். 1975-ல் பிறந்தவர். மற்றவர்கள் முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு திண்ணையில் உட்காரும் வயசில் இவர் உலகக் கோப்பை ஆடினார். 2016-ல் அகமதாபாத்தில் ஈரானை 38-29 என்று இந்தியா ஜெயித்த அணியில் 41 வயசு சேரலாதன் இருந்தார். அதே வருஷம் ஜூலையில் பாட்னா பைரேட்ஸ் அணிக்கு கேப்டனாக நின்று புரோ கபடி கோப்பையையும் வாங்கிக் கொடுத்தார். பீகார் அணிக்குத் தஞ்சாவூர்க்காரர் கேப்டன்! வடக்கத்திப் பையன்கள் எல்லாரும் அவரை 'அண்ணா' என்றே கூப்பிட்டார்கள். இந்திக்காரன் வாயில் 'அண்ணா' என்று வந்தாலே நமக்கு ஒரு சந்தோஷம்தான், இல்லையா?

இந்தச் சந்தோஷத்தின் அளவு தெரிய வேண்டுமானால் தலைவாஸின் ஜாதகத்தைக் கொஞ்சம் புரட்ட வேண்டும்.

2017-ல் வந்த அணி அது. முதல் நான்கு சீசன்களில் ஒரு தடவைகூட பிளே-ஆஃப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அஜய் தாகூர், மஞ்ஜித் சில்லர், ராகுல் சவுத்ரி என்று பெரிய பெயர்கள் வந்தன. வந்த வழியே போயின. 2019-ல் பன்னிரண்டு அணிகளில் கடைசி. 2022-ல் பவன் ஷெராவத்தை 2 கோடியே 26 லட்சத்துக்கு எடுத்தார்கள். அதுவரை எந்தக் கபடி வீரருக்கும் அவ்வளவு விலை போனதில்லை. அக்டோபர் 8-ம் தேதி முதல் ஆட்டம், எதிரே குஜராத். அந்த ஒரே ஆட்டத்தில் பவனுக்கு முட்டி போய்விட்டது. சீசன் முழுக்க ஆடவில்லை.

இதில் ஒரு வேடிக்கை. அன்றைக்குத் தமிழ் தலைவாஸின் கேப்டன் டெல்லிக்காரர். குஜராத் கேப்டன் சந்திரன் ரஞ்சித், நம் தமிழர். மாமாவுக்கு யாருக்குக் கை தட்டுவது என்றே தெரியவில்லை. ஆட்டம் 31-31 என்று டிராவில் முடிந்ததால் பிழைத்தார்.

அப்புறம் தோல்விகள். சீசன் நடுவே கோச் உதயகுமார் விலகினார். ஹரியானாவிலிருந்து ஆஷன் குமார் வந்தார். இந்தியாவுக்கு ஆடியவர், அர்ஜுனா விருது வாங்கியவர். தமிழ்நாட்டுக்கும் அவருக்கும் வேறு சம்பந்தம் கிடையாது. கையில் இருந்ததோ பேர் தெரியாத பையன்கள். நரேந்தர் என்று ஒருவர், முதல் சீசன், ரெய்டில் மட்டும் 243 பாயிண்ட் எடுத்தார். கார்னர்களில் சாகர், சாஹில் குலியா. ஐந்தாவது இடம் பிடித்து முதல் தடவையாக பிளே-ஆஃப்!

டிசம்பர் 13-ம் தேதி உ.பி. யோதாஸுடன் 36-36. ஆளுக்கு ஐந்து ரெய்டு என்ற டை-பிரேக்கரில் 6-4 என்று ஜெயித்தார்கள். இரண்டு நாள் கழித்து, மார்கழி பிறப்பதற்கு முந்தின ராத்திரி, அரையிறுதி. புனேயிடம் 37-39. இரண்டே பாயிண்ட். மாமா வீட்டுக் கூடத்தில் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தோம். டி.வி.யை அணைத்த பிறகும் யாரும் எழுந்திருக்கவில்லை.

அந்த சீசனில்தான் கோச் எதற்கு என்ற கேள்வியை மாமா நிறுத்தினார். தானே பார்த்துக் கண்டுபிடித்த விஷயத்தை எனக்குத் தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக் காட்டினார். ஏழு பேர் வளைந்து நிற்கிறார்கள். இரண்டு ஓரத்திலும் கார்னர், அதற்கு உள்பக்கம் கவர். கார்னர் காலைப் பிடித்த அதே நொடியில் கவர் இடுப்பில் மோத வேண்டும். அரை நொடி முந்தினால் ரெய்டர் உஷாராகிவிடுவான். அரை நொடி பிந்தினால் பிடித்தவனை இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். "முன்ன ஆளாளுக்கு அவன் அவன் பாட்டுக்குத் தாவுனானுவ. இப்ப ஒருத்தன் மூச்சு இன்னொருத்தனுக்குத் தெரியுது பாரு. அந்த ஆளு அதைத்தான் சொல்லிக் குடுத்திருக்காரு" என்றார். டைம் அவுட்டில் கோச் பேசுவது டி.வி.யில் கேட்கும். முழுக்க இந்தி. மாமாவுக்கு இந்தியில் ஒரு வார்த்தை தெரியாது. "புரியலைன்னா என்னா? வையறாருன்னு தெரியுதுல்ல" என்பார்.

அயர்லாந்தில் ஹர்லிங் என்று ஒரு ஆட்டம் உண்டு. பக்கத்துக்குப் பதினைந்து பேர், கையில் தட்டையான மட்டை, பந்து பறக்கும். ஒவ்வொரு கவுண்டிக்கும், அதாவது மாவட்டத்துக்கும், ஒரு அணி. உங்கள் ஊர் கிளப் எந்த மாவட்டமோ அந்த மாவட்டத்துக்குத்தான் ஆட வேண்டும். ஏலம் கிடையாது, சம்பளமும் கிடையாது. நாடே பார்க்கும் இறுதிப் போட்டியில் ஆடிவிட்டு மறுநாளோ மறுவாரமோ வேலைக்குப் போவார்கள். லிமெரிக் என்ற கவுண்டி 1973-ல் கோப்பை வாங்கியது. அடுத்தது 2018-ல்தான். அந்த 45 வருஷத் தவத்தை முடித்துவைத்த மேனேஜர் ஜான் கைலி, தொழிலில் பள்ளிக்கூட பிரின்சிபால்.

இதை மாமாவிடம் சொன்னபோது அவர் ஆச்சரியப்படவே இல்லை. "நாங்களும் அப்படித்தானடா ஆடுனோம்" என்றார். சத்தியமான வார்த்தை. பக்கத்து ஊர்க்காரன் எவ்வளவு நல்ல ரெய்டராக இருந்தாலும் நம் ஊர் டீமில் இறக்க முடியாது, இறக்கினால் அடிதடி. லீக் வந்த பிறகுதான் 'நம்ம டீம்' என்பது சட்டையில் எழுதியிருக்கும் பெயர் என்று ஆனது. தலைவாஸ் களத்தில் இறங்கும்போது ஏழு பேரில் தமிழ் பேசுகிறவர்களைத் தேட வேண்டும். எம். அபிஷேக் மாதிரி ஒன்றிரண்டு பேர். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. ஹரியானாப் பையன்கள் மேட்டிலேயே பிறந்து வளர்ந்த மாதிரி ஆடுகிறார்கள். ஆனால் தொண்டை கிழியக் கத்துகிறவனுக்கு, அந்த ஏழில் ஒருத்தன் தன் ரோட்டு பஸ்ஸில் ஏறுகிறவனாக இருக்கக் கூடாதா என்று ஓர் ஆசை இருக்கும்தானே?

2024-ல் டீக்கடையில் ஓடியது அந்த ஆசைதான். அதற்குள் சொந்தக் காரணம் ஒன்றும் இருந்தது. மாமா பையனுக்கு அப்போது பத்தொன்பது வயசு. ஐ.டி.ஐ. முடித்தவன். ரைட் கார்னர். ராத்திரிப் போட்டி எங்கே நடந்தாலும் போய்விடுவான். "சேரலாதன் இருக்காருல்ல... நம்ம பக்கத்துப் பயலுவள்ல ரெண்டு பேத்தையாவது கண்ணுல பாக்க மாட்டாரா?" என்று மாமா ஒரு நாள் மெதுவாக, பையன் காதில் விழாதபடி என்னிடம் கேட்டார். கோச் நினைத்தால் ஆள் எடுக்க முடியாது, ஏலம் இருக்கிறது, இளம் வீரர்களை எடுக்கத் தனி ஏற்பாடு இருக்கிறது என்றெல்லாம் விளக்கினேன். "அது தெரியும்டா" என்றார். தெரிந்துதான் கேட்டார்.

அந்த வருஷம் மேட்டூரில் தண்ணீர் திறந்ததே ஜூலை 28-ம் தேதி. ஜூன் 12 கணக்கெல்லாம் போயிற்று. குறுவையை நிறையப் பேர் கைகழுவிவிட்டு சம்பாவை நம்பி இருந்தார்கள். அக்டோபர் 19-ம் தேதி தலைவாஸின் முதல் ஆட்டம், தெலுங்கு டைட்டன்ஸை 44-29 என்று சாய்த்தார்கள். டெல்டாவில் அன்றைக்கு வெடி வெடித்த தெருக்கள் உண்டு. தீபாவளிக்கு வாங்கியதில் பாதி அப்போதே காலி. அடுத்த வாரம் பாட்னாவிடம் 40-42. தேவாங்க் என்ற ஒரே பையன் 25 பாயிண்ட் எடுத்துவிட்டுப் போனான். சரி, இரண்டு பாயிண்ட்தானே என்று விட்டோம்.

நவம்பரில் வரிசையாகத் தோல்விகள். மாதக் கடைசியில் மழை. நாகப்பட்டினம், திருவாரூர் பக்கமெல்லாம் சம்பாப் பயிர் தண்ணீரில் நின்றது. மாமா வயல் கொஞ்சம் மேட்டு நிலம், தப்பியது. ஆனால் வடிகால் வாய்க்காலில் நாலு நாள் மண்வெட்டியோடு நின்றார். சாயங்காலம் வந்து காலைத் துடைத்துக்கொண்டு டி.வி. முன்னால் உட்காருவார். கரண்ட் இருந்தால் தோல்வியைப் பார்ப்பார். இல்லாவிட்டால் மறுநாள் பேப்பரில் படிப்பார்.

பிடிக்கிற வேலையில் அந்த அணி குறை வைக்கவில்லை. நிதேஷ் குமார் 77 டேக்கிள் பாயிண்ட் எடுத்து அந்த சீசனின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருதே வாங்கினார். சேரலாதனே தடுப்பாட்டத்தில் பேர் வாங்கியவர்தானே. போனது ரெய்டில். 2 கோடியே 15 லட்சம், அந்த ஏலத்தின் ஆக அதிக விலை, கொடுத்து எடுத்த சச்சின் தன்வரும் இருந்தார், நரேந்தரும் இருந்தார். கடைசியில் ஒன்பதாவது இடம். டிசம்பர் 29-ல் ஹரியானா கோப்பையைத் தூக்கியது.

டீக்கடை இரண்டாகப் பிரிந்தது. ஹரியானாக்காரர் வந்து செய்ததை நம்ம ஆளால் செய்ய முடியவில்லையே என்று ஒரு கட்சி. "நாலு பேரை வாங்குறது ஒருத்தன், தோக்கிறப்ப பேரு கெடுறது இன்னொருத்தனுக்கா?" என்று மாமா தனிக் கட்சி. எனக்கு மாமா பேச்சில் நியாயம் இருப்பதாகப் பட்டது. ஒரு பயிற்சியாளருக்கு ஒரே ஒரு சீசன் கொடுத்து எடை போடுவது, நடவு நட்ட மறுநாள் கண்டுமுதல் எவ்வளவு என்று கேட்கிற மாதிரி. ஆஷன் குமாருக்கும் அதே கதிதான். 2022-ல் தூக்கிவைத்துக் கொண்டாடிய அவரது அணி அடுத்த சீசனில் ஒன்பதாவது. 2025-ல் மறுபடியும் புது கோச், சஞ்சீவ் பாலியான்.

லீக் இப்படிப் போய்க்கொண்டிருக்க, 2025 அக்டோபரில் வேறு பக்கமிருந்து சேதி வந்தது. பஹ்ரைனில் ஆசிய இளையோர் விளையாட்டுப் போட்டி. தங்கம் வாங்கிய இந்தியப் பையன்கள் கபடி அணியில் அபினேஷ் மோகன்தாஸ். ஊர் வடுவூர். தஞ்சாவூரிலிருந்து மன்னார்குடி போகிற ரோட்டில் ஏரி நிறையப் பறவையும், கோதண்டராமரும், தெருவுக்கு நாலு கபடிக்காரரும் இருக்கிற ஊர். அவருக்கும், பெண்கள் அணியில் தங்கம் வாங்கிய சென்னை கண்ணகி நகர் கார்த்திகாவுக்கும் தமிழக அரசு ஆளுக்கு 25 லட்சம் கொடுத்தது.

மாமா பேப்பரை இரண்டு தடவை படித்தார். "வடுவூரு நம்மகிட்டேருந்து எவ்ளோ தூரம்?" என்றார். அவருக்குத் தெரியாத தூரமா!

மாமா பையனின் பிரச்னை இப்போது வேறு. விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலைக்கு எழுதிப்போட வேண்டுமென்றால் அங்கீகரிக்கப்பட்ட போட்டியின் சர்டிபிகேட் வேண்டும். ராத்திரிப் போட்டியில் ஜெயித்த ஆட்டுக்கிடாய்க்கு அங்கே மதிப்பில்லை. இவன் ஆடியதெல்லாம் மண் தரையில், வெறுங்காலில். பெரிய போட்டிகள் மேட்டில், ஷூ போட்டுக்கொண்டு. மண்ணில் பிடித்த கால் வேறு, ஷூ போட்ட கால் வேறு. திரும்பும் வேகமே வேறு. மாவட்டத் தேர்வுக்கு ஒரு தடவை போய்த் தடுமாறிவிட்டு வந்தான். சிங்கப்பூரில் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று ஒரு ஏஜெண்ட் வேறு வந்து போயிருக்கிறான். அத்தைக்கு அதுதான் இஷ்டம். "ஒரு முட்டிக்கு ஒத்தடம் குடுத்தது போதும்" என்கிறார். மாமா ஒன்றும் சொல்வதில்லை. அடுத்த தேர்வு வரைக்கும் பார்க்கலாம் என்று பேச்சு.

போன வாரம் அத்தை போன் பண்ணினார். நெல் போட்ட பணத்தில் பையனுக்கு கபடி ஷூ வாங்கியாச்சாம். ரெண்டு நாளாக வீட்டுக்குள்ளேயே போட்டுக்கொண்டு திரிகிறானாம். "சிமெண்டுத் தரையில ராத்திரி பூரா கிரீச்சு கிரீச்சுங்குது தம்பி, அவருதான் டார்ச்சப் புடிச்சிக்கிட்டு நிக்கிறாரு" என்றார்.